இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியரிடம் சிறைப்பட்ட அமெரிக்க வீரரின் பணிச் சான்றில் அது பதிவாகவில்லை என்றால் எப்படித் திருத்துவது?

உங்கள் கணவரின் தாத்தா சிறைப்பட்டிருந்ததும், அவருக்குரிய பதக்கங்களும் சான்றில் இல்லை என்கிறீர்கள். திருத்த முடியும். காலம் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

1973 ஜூலை 12 அன்று, அமெரிக்கப் படைவீரர்களின் பணிக்கோப்புகளை வைத்திருக்கும் செயின்ட் லூயிஸ் ஆவண மையத்தில் தீப்பிடித்தது. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் சாம்பலாயின. ஆகவே "கோப்பு இல்லை" என்ற பதில் வந்தால் அதோடு நிறுத்தாமல், வேறு சான்றுகளைத் தேடுங்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் போர்க்கைதிகள் பட்டியல் இருக்கிறது. அவருடைய பெயரும் படைவீரர் எண்ணும் போட்டால் எந்த முகாம் என்பதுவரை கிடைக்கலாம். அடுத்து, அவர் இருந்த படைப்பிரிவான கம்பெனியின் காலை அறிக்கைகள். தினமும் ஆள்கணக்கு எழுதிய தாள்கள் அவை. "பணியில்" இருந்தவர் "காணவில்லை" என்று மாறிய நாள் அதில் ஒரே வரியில் இருக்கும். என்னைக் கேட்டால் அந்த ஒரு வரிதான் உங்கள் மிக வலுவான ஆதாரம். முகாமிலிருந்து வந்த கடிதங்கள், வீட்டுக்கு வந்த தந்தி இருந்தால் நகலெடுத்து இணையுங்கள்.

போர்க்கைதிப் பதக்கம் 1985இல்தான் உருவானது. 1917 ஏப்ரல் 5க்குப் பின் சிறைப்பட்டவர்களுக்கும் பொருந்தும். பதக்கத்துக்கு முதலில் ஆவண மையத்துக்கே எழுதுங்கள். மறுத்தால், ராணுவப் பதிவைத் திருத்தக் கோரும் விண்ணப்பமான டிடி 149 படிவத்தைத் தரைப்படை ஆவணத் திருத்த வாரியத்துக்கு அனுப்புங்கள். பிழை தெரிந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற வரம்பை நியாயம் கருதி வாரியம் தளர்த்தலாம். உங்கள் மாமனாரே கையெழுத்திடட்டும், மகன்தான் நெருங்கிய வாரிசு. இறப்புச் சான்றிதழையும் சேர்த்து அனுப்புங்கள்.