நாரை வரும் கண்மாயில் வண்டல் எடுக்க யாரிடம் அனுமதி?

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் மழைக்குப் பிறகு மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வந்து அடைகின்றன. கோடையில் வயலுக்கு வண்டல் எடுக்க வேண்டும். பறவை வருவதால் 'ஈரநில அனுமதி' தேவை, வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பறவை வந்து போவதாலேயே பாசனக் கண்மாய் சட்டப்படி ஈரநிலம் ஆகிவிடாது. பாசனத்துக்கென்று வெட்டிய நீர்நிலைகளை 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உங்களுக்கு வேண்டியது வட்டாட்சியர் தரும் வண்டல் அனுமதி. விவசாயத்துக்கு அது இலவசம். சிட்டா, அடங்கலோடு நீங்களே விண்ணப்பிக்கலாம்.

ஒரே ஒரு விலக்கு. கண்மாய் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தால் வட்டாட்சியர் காகிதம் செல்லாது. உங்கள் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை எல்லாம் அப்படிப்பட்டவை. அங்கே 1972ஆம் ஆண்டு வனஉயிரினச் சட்டப்படி தலைமை வனஉயிரினக் காப்பாளர் அனுமதிக்காமல் ஒரு கூடை மண்கூட எடுக்க முடியாது. எல்லை எதுவரை என்று ஊரில் கேட்காதீர்கள். சர்வே எண்ணை எழுதி வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பக்கத்துக் கண்மாய் சரணாலயம் என்றாலும் எழுதிக் கேட்பதே நல்லது.

என் பெரிய கவலை வேறு. உங்கள் பெயரில் அனுமதி வாங்கி, ராத்திரியில் சவுடு அள்ளும் கூட்டம் இருக்கிறது. வண்டல் மேலே படிந்த கறுப்பு மண். அதைத் தாண்டி மஞ்சளாகச் சவுடு தெரிந்தால் பொக்லைனை நிறுத்தச் சொல்லுங்கள். ஆழமாகத் தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் மடைக்கு ஏறாது. நாரை முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து மீன் பிடிப்பது. அந்தப் பள்ளம் அதற்கும் பயன்படாது. சீமைக் கருவேலத்தை அகற்றுகிறோம் என்று வருகிறவர்கள் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். நாட்டுக் கருவேலம் நாரை கூடு கட்டும் மரம். கூட்டோடு மரத்தைச் சாய்ப்பது சரணாலயத்துக்கு வெளியிலும் குற்றம்.

கண்மாய் நீர்வளத் துறைக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ, மண் அனுமதி வருவாய்த் துறைக்கு, உள்ளே நட்ட மரம் வனத் துறைக்கு. மூவரும் ஒருநாளாவது சேர்ந்து கரையில் வந்து நின்றால் தரகருக்கு இங்கே வேலையே இருக்காது. பல வருஷமாகச் சொல்கிறோம், நடக்கவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: குஞ்சுகள் பறந்துபோன பிறகு வேலையைத் தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் முடியுங்கள். கூடு இருக்கும் மரங்களுக்கு முன்கூட்டியே சுண்ணாம்பு அடித்து, அவற்றைச் சுற்றியுள்ள திட்டைத் தொடாமல் விடச் சொல்லுங்கள்.