ஹேஷ் ஸ்பெஷலைசேஷன் ‘வேறு நேம்ஸ்பேஸில் உள்ளது’ என்று பழைய ஜிசிசி மட்டும் மறுப்பது ஏன்?

உங்கள் சொந்த டைப்புக்காக, சி++ நூலகத்தின் ‘ஹேஷ்’ டெம்ப்ளேட்டுக்கு ஒரு தனி வடிவம் (ஸ்பெஷலைசேஷன்) எழுதினீர்கள்; ஜிசிசி கம்பைலரின் பழைய பதிப்பு மட்டும் அதை மறுக்கிறது. உங்கள் கோட் சரி, கம்பைலரில்தான் பிழை. குளோபல் ஸ்கோப்பில், அதாவது பெயரிட்ட எந்த நேம்ஸ்பேஸுக்கும் (பெயர்களைப் பிரித்து வைக்கும் தொகுதி) வெளியே நின்று ‘எஸ்டிடி ஹேஷ்’ (std::hash; எஸ்டிடி என்பது சி++ நூலகத்தின் நேம்ஸ்பேஸ்) என்று முழுப்பெயருடன் டெம்ப்ளேட் ஸ்பெஷலைசேஷன் எழுத சி++11 அனுமதிக்கிறது. கிளாங் என்ற மற்றொரு கம்பைலர் இதை ஏற்றுக்கொள்ளும். ஜிசிசியில் இது 7ஆம் பதிப்பில்தான் சரியானது.

புதிய பதிப்புக்கு மாற முடியாவிட்டால், எஸ்டிடி நேம்ஸ்பேஸைத் திறந்து, உள்ளே வெறும் ‘ஹேஷ்’ என்ற பெயரில் ஸ்பெஷலைசேஷனை எழுதி மூடுங்கள். இது எல்லாக் கம்பைலரிலும் ஓடும். பதிப்பு பார்த்துப் பிரிக்கும் மேக்ரோ எதுவும் வேண்டாம். உங்கள் சொந்த டைப்புக்காக இப்படி எஸ்டிடிக்குள் எழுதுவதும் விதிப்படி செல்லும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உங்கள் நேம்ஸ்பேஸை மூடும் அடைப்புக்குறிக்கு முன்பே எஸ்டிடியைத் திறந்தால், அது உண்மையான எஸ்டிடி அல்ல. உங்களுடையதற்குள் அதே பெயரில் புதிதாக ஒன்று பிறக்கும். ‘ஹேஷ் ஒரு டெம்ப்ளேட் அல்ல’ என்று எரர் வரும். அதைவிட மோசம், அதற்குக் கீழே அதே நேம்ஸ்பேஸில் எழுதும் எஸ்டிடி ஸ்டிரிங்கைக்கூடக் கம்பைலர் அந்தப் போலிக்குள்தான் தேடும். ஆகவே முதலில் உங்களுடையதை மூடுங்கள்.

வரிசையும் முக்கியம். அந்த டைப்பைச் சாவியாகக் கொண்ட அன்ஆர்டர்டு மேப் (ஹேஷ் மூலம் தேடும் அட்டவணை) பயன்பாட்டுக்கு வரும் முன்பே ஸ்பெஷலைசேஷன் இருக்க வேண்டும். டைப் உள்ள ஹெடரிலேயே, அதன் வரையறைக்கு அடுத்து வைப்பது நல்லது. ஹேஷ் டெம்ப்ளேட் உள்ள ஃபங்ஷனல் ஹெடரை இன்க்ளூட் செய்ய மறக்காதீர்கள்.

ஜிசிசிக்கு ‘எஃப்-பெர்மிஸிவ்’ (-fpermissive) என்ற ஆப்ஷன் கொடுத்தால் எரர் வார்னிங்காகக் குறையும். ஆனால் அது வேறு உண்மையான தவறுகளையும் சேர்த்தே விட்டுவிடும் என்பதால் பரிந்துரைக்க மாட்டேன்.