ஸ்கேனில் குழந்தையின் இதயத்துடிப்பு 158லிருந்து 136க்கு இறங்கியிருக்கிறது, பயப்பட வேண்டுமா?

மூன்றாம் மாதம் 158, இப்போது ஏழாம் மாதம் 136, வீட்டிலோ "140க்குக் கீழே வந்தா பையன்தான்" என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 136 நல்ல துடிப்புதான், பயப்படாதீர்கள்.

ஆறாவது வாரத்தில் நூறு, நூற்றுப் பத்து என்று தொடங்கும் துடிப்பு ஒன்பதாவது வாரம் வாக்கில் 170ஐத் தொடும், அப்புறம் இதயத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் முதிர முதிர மெல்ல இறங்கி, கடைசி மாதங்களில் 110க்கும் 160க்கும் நடுவில் இருக்கும். அதனால் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுக் கவலைப்படத் தேவையில்லை. பையன், பெண் கணக்கும் பொய். தூங்கும்போது 130, உதைக்கும்போது 150 என்று ஒரே குழந்தைக்கு அரை மணிக்குள் இரண்டும் வரும்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மும்பை செம்பூரில் இருந்தபோது எனக்கு 34வது வாரம், ஒரு நாள் காலையிலிருந்து அசைவு குறைவாகவே இருந்தது. வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் சின்னக் கருவி, ஆன்லைனில் வாங்கிய டாப்ளர், கையில் இருக்கவே, ஜெல் தடவி வைத்துப் பார்த்தேன், சத்தம் கேட்டது, திரையில் 88 என்று வந்தது, சரி, துடிக்கிறதே என்று சாயங்காலம் வரை இருந்துவிட்டேன். ஊரிலிருந்து போனில் பேசிய அம்மாதான், "நம்பரை விடும்மா, பிள்ளை அசையுதா இல்லையா? உடனே கிளம்பு" என்று விரட்டினாள். ஆஸ்பத்திரியில் நான் சொன்னதைக் கேட்ட நர்ஸ் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். 88. காலையில் நான் கேட்டது என்னுடைய நாடியை.

குழந்தையின் துடிப்பைக் காகிதத்தில் பதிவு செய்ய வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி, அசைவு தெரிந்தால் அழுத்தச் சொல்லி ஒரு பட்டனைக் கையில் கொடுத்தார்கள். கால் மணி நேரம் காகிதத்தில் கோடு 130ஐ ஒட்டியே போனது. இடது பக்கம் திரும்பிப் படுத்தேன், ஒரு உதை, கோடு சரசரவென்று 150க்கு ஏறி, கொஞ்ச நேரம் நின்று இறங்கியது. "தூங்கிட்டு இருந்திருக்கு, இந்த மேடுதான் எங்களுக்கு வேணும்" என்றார் டாக்டர். குறைந்தது 15 துடிப்பு ஏறி 15 நொடியாவது நிற்க வேண்டும், 20 நிமிடத்தில் அப்படி இரண்டு மேடு வந்தால் திருப்தி என்றார். ஸ்கேனில் எழுதித் தருவது ஒரு நொடியின் எண் மட்டும், அதில் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது.

உங்களுக்குக் காய்ச்சல் என்றால் குழந்தைக்கும் துடிப்பு கூடும், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அசைவு குறைந்த மாதிரி சந்தேகம் வந்தால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து வரவில்லை என்றாலோ, அசைவு குறைந்திருப்பது நிச்சயம் என்று தோன்றினாலோ, நள்ளிரவு ஆனாலும் டாக்ஸி பிடித்துப் போய்விடுங்கள். டாப்ளரை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பிரசவ வார்டு நம்பரை இன்றைக்கே போனில் ஏற்றி வையுங்கள், உங்கள் வீட்டுக்காரர் போனிலும்.