பிரான்ஸில் அன்னையர் தினம்: ஞாயிறு மத்தியானத்தை வேறொன்றுக்கும் குடுக்காதேங்கோ

தங்கச்சி, போன் கலண்டரில் மே இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம் என்று கிடக்குது, மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு அசுமாத்தமும் இல்லை, இங்கே இது எப்போது, என்ன செய்வினம் என்று கேட்டிருந்தீங்கள்.

இரண்டாம் ஞாயிறு கனடாவுக்கும் ஊருக்கும் சரி. பிரான்ஸில் மே மாதக் கடைசி ஞாயிறு. 1950ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி வைத்திருக்குது. அதே ஞாயிறில் பெந்தகொஸ்தே திருநாள் விழுந்தால் ஜூன் முதல் ஞாயிறுக்குத் தள்ளிப்போகும். 2023இல் அப்படித்தான் ஜூன் 4இல் வந்தது. ஊரிலுள்ள அம்மாவுக்கு இரண்டாம் ஞாயிறே போன் எடுங்கோ. இங்கத்தைய ஆட்களுக்கான வாழ்த்தைப் பொறுத்துச் சொல்லுங்கோ.

மத்தர்னெல், அதாவது பாலர் பள்ளிக்குப் போற பிள்ளை இருக்கிற வீட்டில் இந்த நாளின் உயிரே பள்ளிக்கூடத்தில் செய்த பரிசுதான். முன்கூட்டியே ரீச்சர் வெறும் ஜாம் போத்தலோ பிள்ளையின் படமோ கேட்கக்கூடும். போத்தலைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு, லேபிளை உரித்துக் குடுத்துவிடுங்கோ. வெள்ளிக்கிழமை சுற்றிக் கட்டிய பொதி ஒன்று பையில் வரும். அதைப் பிரிக்காதேங்கோ! ஞாயிறு காலையில் தானே நீட்ட வேணும் என்று பிள்ளை காத்திருக்கும். தகப்பன் வாங்கி அலுமாரிக்கு மேலே வைக்கட்டும். கூடவே ஒரு சின்னக் கவிதை பாடமாக்கியிருப்பினம். சனிக்கிழமைக்குள் பாதி மறந்துபோகும், அதையும் தகப்பன்தான் தனியாகச் சொல்லிக் குடுக்க வேணும். மக்கரோனி கோத்த மாலை வந்தால் கட்டாயம் போடுங்கோ. ஈரம் பட்டால் மாவு இளகும், சாயமும் ஒட்டும். கடும் நிறச் சட்டைதான் நல்லது. சில பள்ளிகள் தாய் இல்லாத பிள்ளைகளை நினைத்து 'நாங்கள் நேசிக்கிற ஆட்களின் நாள்' என்று மாற்றிவிட்டன. அது நல்ல காரியம் என்றே நான் சொல்லுவன்.

பெரியவர்களுக்கு இது மத்தியானச் சாப்பாட்டு நாள். வளர்ந்த பிள்ளைகள் தாயிடம் போவினம், அல்லது ரெஸ்ரோறன்ருக்குக் கூட்டிப்போவினம். இரண்டு கிழமைக்கு முன்பே மேசை பதியுங்கோ. பல இடங்களில் மத்தியானச் சமையல் இரண்டு மணியோடு முடியும். எங்கட வழக்கப்படி ஆறுதலாகப் போனால் அடுப்பு அணைஞ்சிருக்கும். வீட்டுக்கு அழைத்திருந்தால் கேக்கை நீங்கள் கொண்டுவாறதாகச் சொல்லி, பத்திசறியில் (கேக் கடையில்) வியாழனுக்குள் ஓடர் குடுங்கோ.

பூவில்தான் எங்கட ஆட்கள் பிழை விடுகிறது. செவ்வந்தி எங்களுக்குப் பூசைப் பூ, இங்கே அது நவம்பர் 1இல் கல்லறையில் வைக்கிறது. ஒருநாளும் குடுக்காதேங்கோ. மே கடைசியில் பியோனிப் பூ நல்ல பருவத்தில் இருக்கும். இறுகின மொட்டாக இல்லாமல், விரலால் அமத்தினால் மெத்தென்று இருக்கிற மொட்டாக எடுங்கோ. முழுக்க விரிஞ்சதை வாங்கினால் கெதியாக உதிர்ந்துபோகும். தண்டைச் சரிவாக வெட்டித் தண்ணீரில் விடுங்கோ. ஞாயிறு காலை பூக்கடைகள் திறந்திருக்கும், ஆனால் நல்லது முதலே முடிஞ்சிடும்.

விளம்பரத்தில் அயர்ன்பெட்டியும் சமையல் சாமானும் மலிவு விலையில் வரும். தாய் தானாகக் கேட்டால் ஒழிய அதை வாங்காதேங்கோ.

இன்னொன்று. நாலு பிள்ளைகளுக்குக் குறையாமல் வளர்த்து, மூத்தவருக்கு 16 வயதாகியிருந்தால் அரசாங்கத்தின் குடும்பப் பதக்கத்துக்கு மெறியில் (நகரசபையில்) விண்ணப்பிக்கலாம். 1920இல் தொடங்கினது அது. பல ஊர்களில் அன்னையர் தினத்தை ஒட்டித்தான் அதைக் குடுக்கினம். உங்கட மாமிக்குப் பொருந்தும் என்றால் இப்பவே போய் விசாரியுங்கோ, கடைசி நேரத்தில் பத்திரம் சேர்க்க ஏலாது.