தொடையில் வளரும் கொழுப்புக் கட்டியை உடனே எடுத்துவிடலாமா?

காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பச்சிக்குத் தொடையில் கட்டி வளர்கிறது, வலி இல்லை, "கொழுப்புக் கட்டிதான், கீறி எடுத்துடலாம்" என்கிறார்கள், சரியா?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். தோலுக்கடியில் விரலால் தள்ளினால் நழுவுகிற சின்னக் கட்டி பெரும்பாலும் லிப்போமா என்ற சாதாரணக் கொழுப்புக் கட்டிதான், பயமில்லை. ஆனால் 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, தசைக்குள் ஆழமாக இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, லைப்போசார்கோமா என்ற அரிய புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். அது பெரும்பாலும் வலிக்காது.

முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுங்கள். அதில் கட்டி முழுக்கத் தோலடிக் கொழுப்பைப் போலவே தெரிந்தால் நல்லது. நடுவில் தடித்த தடுப்புச் சுவர்களோ கொழுப்பல்லாத முடிச்சுகளோ இருந்தால் சந்தேகம்தான். அடுத்து தடித்த ஊசியால் பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிப்பது. லைப்போசார்கோமாவில் ஒரு வகை, மைக்ரோஸ்கோப்பில் லிப்போமா போலவே இருக்கும். எம்.டி.எம்.2 மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் சோதனைதான் இரண்டையும் பிரித்துக்காட்டும். கேட்டு வாங்குங்கள்.

ஊசி எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதை ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரே முடிவுசெய்யட்டும். என்ன நோய் என்று தெரியாமல் கீறினால், அது புற்றுநோயாக இருந்தால் மிச்சம் தங்கிவிடலாம். அப்போது மறு ஆபரேஷன் பெரிதாகிவிடும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டிலோ முதலில் காட்டுங்கள்.