திருந்திய மைனரும் கல்யாணப் பத்திரமும்

கேள்வி: பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடக்கும் ஒரு காதல் நாவலுக்குப் போன இதழில் மதிப்புரை எழுதியிருந்தீர்கள். "இளம் விதவை, திருந்திய மைனர் என்ற ஜோடி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவளுடைய சொத்து என்ன ஆயிற்று என்பதைப் பற்றி நாவலில் ஒரு வரிகூட இல்லை" என்று குறைப்பட்டிருந்தீர்கள். காதல் கதையில் சொத்துக் கணக்கு எதற்கு? ஒரு நல்ல பெண்ணின் அன்பால் ஓர் ஆண் திருந்தக் கூடாதா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகத் திருந்தலாம். அவன் திருந்திவிட்டான் என்பதை அவள் எதை வைத்து நம்புவது? இதற்கு அந்த நாவலில் பதில் இல்லை. அவன் கண் கலங்குகிறான், சூதாட்டத்தை விடுகிறான், அவளுக்காக ஒருவனோடு துப்பாக்கிச் சண்டை போடுகிறான். இதெல்லாம் போதும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். போதாது என்பதற்கு உண்மையில் நடந்த கதை ஒன்றே இருக்கிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கால இங்கிலாந்தில் கல்யாணத்துக்கு முன் அப்பாவின் பிடி, அப்புறம் கணவனின் பிடி. கணவன் இறந்த பிறகுதான் பெரும்பாலான பெண்களுக்குத் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவும், ஒப்பந்தம் போடவும், வழக்குத் தொடுக்கவும் வழி பிறந்தது. மறுமணம் செய்த அன்றே அது போய்விடும். பணமும் நகையும் புதுக் கணவனுக்குச் சொந்தம். நிலத்தை அவள் சம்மதமில்லாமல் அவன் விற்க முடியாது, ஆனால் அதன் வருமானம் அவன் கைக்குத்தான் போகும். 1870-ல் கொஞ்சமும் 1882-ல் பெரும்பகுதியும் மாறும்வரை இதுதான் பொது விதி. இதிலிருந்து தப்ப வசதியுள்ள குடும்பங்களுக்கு ஒரு வழி இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே பத்திரம் எழுதி, சொத்தை டிரஸ்டிகளிடம் ஒப்படைத்து, அது மனைவியின் தனி உபயோகத்துக்கு மட்டும் என்று கட்டிவைப்பார்கள்.

மேரி எலினர் போஸ் அப்படி ஒரு பத்திரம் எழுதிவைத்தவர். டர்ஹாம் பகுதியில் நிலக்கரியால் பெரும் பணக்காரரான ஜார்ஜ் போஸின் ஒரே மகள். 18 வயதில் ஸ்ட்ராத்மோர் பிரபுவைக் கல்யாணம் செய்து, ஐந்து குழந்தைகள் பெற்று, 1776-ல் 27 வயதில் விதவையானார். ஏமாறப் பிறந்த பேதை என்று இவரை நினைத்துவிட வேண்டாம். நாடகம் எழுதியவர், தாவரவியல் தெரிந்தவர், செடிகள் சேகரிக்கத் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குத் தன் செலவில் ஆள் அனுப்பியவர்.

இவரைத் தேடி வந்தவன் ஆண்ட்ரூ ராபின்சன் ஸ்டோனி, அயர்லாந்துக்காரன், முன்னாள் ராணுவ அதிகாரி. அவனுடைய முதல் மனைவியும் நிலக்கரிப் பணம் உள்ள வீட்டுப் பெண்தான், அவள் இறந்துபோயிருந்தாள். 1777 ஜனவரியில் ஒரு லண்டன் பத்திரிகை மேரியைப் பற்றி அவதூறாக எழுத, ஸ்டோனி அதன் ஆசிரியரைச் சண்டைக்கு அழைத்தான். அடெல்பி விடுதியில் சண்டை நடந்தது. பிழைக்க மாட்டான் என்று சொல்லும் நிலையில் கிடந்தவன், சாவதற்குள் உங்களைக் கைப்பிடிக்க வேண்டும் என்று கேட்டான். நாலைந்து நாளில் பிக்காடிலியில் உள்ள செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்துக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டான். அந்தச் சண்டையே ஏற்பாடு செய்த நாடகம் என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் முடிவு.

நீங்கள் ரசித்த அந்தக் காட்சி, அம்மா, இதே காட்சிதான். ஒரு பெண்ணின் மானத்துக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவன் என்றுதான் மேரியும் நினைத்தார்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு மேரி எழுதிய பத்திரம் அவனுக்குத் தெரியவந்ததும் அவன் சுயரூபம் வெளிப்பட்டது. சில மாதங்களில் அடித்து மிரட்டி அதை ரத்து செய்ய வைத்தான். அதன்பின் எட்டு வருஷம் அடி, பட்டினி, கடிதங்களுக்குக் காவல். 1785-ல் பணிப்பெண்ணின் உதவியோடு தப்பினார். அடுத்த வருஷம் நவம்பரில் பட்டப்பகலில் லண்டன் தெருவில் அவரைக் கடத்தி வடக்கே கொண்டுபோனான். மீட்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்காக அவனுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. வீட்டு வேலைக்காரர்களின் சாட்சியம் மேரிக்குப் பெரிய பலமாக நின்றது. பலவந்தமாக வாங்கிய ரத்துப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பானது. சொத்து திரும்பக் கிடைத்தது, 1789-ல் பிரிவும் உறுதியானது. 1800-ல் காலமானார்.

'கிளாரிசா' நாவலின் முன்னுரையிலேயே சாமுவேல் ரிச்சர்ட்சன், திருந்திய மைனர்தான் சிறந்த கணவன் என்ற நம்பிக்கை ஆபத்தானது என்று எச்சரித்தார். அது 1748. மேரிக்கு அப்போது பிறப்பே நடக்கவில்லை. அவ்வளவு பழைய எச்சரிக்கை.

"நல்ல பெண்ணின் அன்பால்" என்கிறீர்கள். அந்த வார்த்தைகள்தான் எனக்கு உறுத்துகின்றன. திருந்த வேண்டியவன் அவன், வேலை அவளுக்கா? அவன் திருந்தாமல் போனால் அவள் அன்பு போதவில்லை என்று ஊர் பேசும். ஏற்கெனவே ஒரு கல்யாணத்தைக் கடந்து, தன் கணக்கைத் தானே பார்க்கக் கற்றுக்கொண்ட இளம் விதவைக்கு அந்தப் பாரத்தை ஏற்றுவது அநியாயம். அவளை நாயகியாக வைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். முதல் கல்யாணத்தைப் பெரியவர்கள் முடித்துவைத்திருப்பார்கள். இரண்டாவதை அவளே தீர்மானிக்கலாம். எதைப் பணயம் வைக்கிறாள் என்று தெரிந்தால்தானே அவள் சம்மதம் சொல்லும் இடத்தில் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்?

அதனால்தான் பத்திரம் கேட்டேன். கடனில் மூழ்கிய மைனர் ஒருவன் வக்கீல் முன்னால் உட்கார்ந்து, அவள் பணத்தில் ஒரு பைசாகூடத் தன் கடன்காரர்களுக்குப் போகாது என்ற பத்திரத்தில், யாரும் வற்புறுத்தாமல் கையெழுத்துப் போடட்டும். துப்பாக்கிச் சண்டையைவிட எனக்கு அது பெரிய காதல் காட்சி. அப்படி ஒரு நாவல் உங்களுக்குக் கிடைத்தால் தெரிவியுங்கள். மதிப்புரைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன்.