கனடாவில் பழைய வீட்டுக்கு எச்ஆர்வி போடலாமா? போட்ட பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேட்டவர் சொன்னது இது: ஒட்டாவாவில் 1990-களில் கட்டிய வீடு. போன வருடம் ஜன்னல்களை மாற்றி, கூரைக்கு மேலே இன்சுலேஷன் போட்டார்கள். இந்தக் குளிர்காலத்தில் காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழிகிறது. வீட்டின் அழுக்குக் காற்றை வெளியே தள்ளி, அதன் சூட்டை உள்ளே வரும் புதுக் காற்றுக்குக் கொடுக்கும் எச்ஆர்வி என்ற பெட்டியைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா, பராமரிப்பு கஷ்டமா என்பதுதான் கேள்வி.

போடுங்கள். நானும் ஒட்டாவாவில்தான் இருக்கிறேன். கிட்டத்தட்ட உங்கள் வீடு மாதிரியே ஒரு வீட்டில் இதே கதையை அனுபவித்தவன். ஆனால் பெட்டியை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். எனக்கு அது புரிய ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது.

எங்கள் வீட்டிலும் ஜன்னல் மாற்றிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. பழைய ஜன்னல் இடுக்கு வழியாக வீடு தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காற்று வீணாகப் போனது, கூடவே ஈரமும் போனது. இடுக்குகளை அடைத்ததும் ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது. அந்த வருடம் அம்மா ஊரிலிருந்து வந்து நாலு மாதம் எங்களோடு இருந்தார். காலையில் இட்லி ஆவி, மதியம் குக்கர், ராத்திரி பேஸ்மென்ட்டில் கொடி கட்டித் துணி காய்வது என்று வீட்டில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. நாலு பேர் உள்ள குடும்பத்தில் மூச்சு, சமையல், குளியல், துணி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. பிப்ரவரியில் படுக்கையறை அலமாரியை நகர்த்தியபோது, பின்னால் வெளிச்சுவரில் முழங்கை உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. பெண்ணுக்கு ராத்திரி இருமல் ஏன் நிற்கவில்லை என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தோம்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஈரம் போகும், ஆனால் சூடும் போய்விடும். ஒரு கணக்கு சொல்கிறேன். வெளியே மைனஸ் 20, உள்ளே 20 டிகிரி. வினாடிக்கு 28 லிட்டர், அதாவது சுமார் 60 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 60 கன அடி) காற்றை மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றைச் சூடாக்க மட்டும் 1,300 வாட்டுக்கு மேல் வேண்டும். ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு இரவும் பகலும் எரிவது போல.

எச்ஆர்வி இந்த இடத்தில்தான் உதவுகிறது. பெட்டிக்குள் இரண்டு விசிறி ஓட்டங்களும் நடுவில் 'கோர்' என்ற கட்டியும் இருக்கும். கோர் என்பது பிளாஸ்டிக் அல்லது அலுமினியத் தகடுகளை மெல்லிய இடைவெளி விட்டு அடுக்கியது. ஒரு இடைவெளியில் குளியலறையிலிருந்து வரும் சூடான அழுக்குக் காற்று வெளியே போகும். அடுத்த இடைவெளியில் வெளியிலிருந்து குளிர்ந்த நல்ல காற்று உள்ளே வரும். இரண்டும் கலப்பதில்லை, தகடு வழியாகச் சூடு மட்டும் கைமாறுகிறது. இப்படிச் சூட்டை மீட்பது 70 சதவீதம் என்றால், மைனஸ் 20-ல் வரும் காற்று 8 டிகிரியாக உள்ளே நுழையும். கனடாக்காரர்களுக்கு இது புதிதில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1977-ல் ரெஜைனாவில் கட்டிய சஸ்காச்சுவன் கன்சர்வேஷன் ஹவுஸிலேயே இப்படி ஒரு வெப்ப மாற்றி இருந்தது. வீட்டை இறுக்கமாகக் கட்டினால் காற்றுக்குத் தனி வழி செய்துதான் ஆக வேண்டும் என்பது அப்போதே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, மாட்டும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் ஃபர்னஸின் சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் டக்ட் ஏற்கனவே இருக்கும். பழைய வீட்டில் பெரும்பாலும் செய்வது, குளியலறைகளிலிருந்தும் சமையலறைப் பக்கத்திலிருந்தும் அழுக்குக் காற்றைத் தனிக் குழாயில் இழுத்து, புதுக் காற்றை ஃபர்னஸின் ரிட்டர்ன் டக்ட்டில், அதாவது அறைக் காற்று ஃபர்னஸுக்குத் திரும்பும் குழாயில், கொண்டு சேர்ப்பது. மலிவு வழி ஒன்றும் சொல்வார்கள். இழுப்பதையும் ரிட்டர்ன் டக்ட்டிலிருந்தே இழுப்பது. முடிந்தால் அதைத் தவிருங்கள், ஈரம் பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடிப்பதுதான் பலன் தரும். குளியலறைக்குக் குழாய் கொண்டுபோகச் சுவரைக் கொஞ்சம் உடைக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. எச்ஆர்வி ஓடும்போது ஃபர்னஸ் விசிறியும் சேர்ந்து ஓடுமாறு இணைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் புதுக் காற்று படுக்கையறை வரை போய்ச் சேராது. ஃபர்னஸில் பழைய வகை மோட்டார் இருந்தால் அந்த விசிறி மட்டும் சில நூறு வாட் எடுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. அறைக்கு 10 சிஎஃப்எம், பெரிய படுக்கையறைக்கும் பேஸ்மென்ட்டுக்கும் 20. மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, ஹால், சாப்பாட்டு அறை, சமையலறை, பேஸ்மென்ட் என்றால் மொத்தம் 110 வருகிறது. அது அதிகபட்ச வேகத்துக்கு. அன்றாடம் அதில் பாதியில் ஓடினால் போதும். மாடல் பார்க்கும்போது 0 டிகிரியில் என்ன மீட்பு என்பதோடு நிற்காமல், மைனஸ் 25-ல் என்ன என்ற எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஒட்டாவாவுக்கு அதுதான் முக்கியம்.

ஒன்றை நம் வீடுகளுக்காகவே அழுத்திச் சொல்ல வேண்டும். எச்ஆர்வி என்பது அடுப்புக்கு மேலே வைக்கும் புகைபோக்கி இல்லை. தாளிப்புப் புகையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அதற்குள் விட்டால் கோர் நாசமாகிவிடும். அடுப்புக்கு மேலே நேராக வெளியே போகும் தனி விசிறி இருக்கட்டும். சமையலறையில் எச்ஆர்வி இழுக்கும் சல்லடையை அடுப்பிலிருந்து குறைந்தது 4 அடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். டிரையர் குழாயை எந்தக் காரணத்துக்காகவும் இதோடு சேர்க்கக் கூடாது.

இனி எங்கள் வீட்டில் நடந்த தப்பு. வெளிச்சுவரில் இரண்டு வாய்கள் இருக்கும். ஒன்று இழுப்பது, மற்றது தள்ளுவது. இரண்டுக்கும் நடுவே 6 அடியாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் விட்ட அழுக்குக் காற்றையே திரும்ப இழுக்கும். பனி மூடாமல் இருக்கத் தரையிலிருந்து 18 அங்குலமாவது உயரம் வேண்டும். கார் நிறுத்தும் இடம், ஃபர்னஸ் புகைக்குழாய், டிரையர் வாய் இவற்றிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். எங்களுக்கு மாட்டியவர் இழுக்கும் வாயை டிரையர் வாய்க்குப் பக்கத்திலேயே இரண்டடியில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அப்போது எதுவும் தெரியாது. டிரையரிலிருந்து வரும் பஞ்சு, இழுக்கும் வாயில் இருக்கும் கம்பி வலையில் படிந்து படிந்து, டிசம்பருக்குள் போர்வை போல மூடிவிட்டது.

இழுக்கும் பக்கம் அடைத்தால் என்ன ஆகும்? பெட்டி காற்றை வெளியே மட்டும் தள்ளிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் அழுத்தம் குறையும். அப்போது வீடு எங்கெங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் காற்றை உறிஞ்சும். பிளக் பாயின்ட் வழியாக ஜில்லென்று காற்று வந்தது. பேஸ்மென்ட் தரை வடிகாலிலிருந்து நாற்றம் வந்தது. இதெல்லாம் தொல்லை மட்டும்தான். பயப்பட வேண்டியது வேறு. புகைபோக்கி வைத்த பழைய கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால், மேலே போக வேண்டிய புகை இந்த உறிஞ்சலில் வீட்டுக்குள்ளேயே திரும்பி வரலாம். எங்களிடம் அப்போது அந்த வகை ஹீட்டர்தான் இருந்தது. நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. படுக்கையறைப் பக்கத்தில், அந்தப் புகையில் இருக்கக்கூடிய நச்சு வாயுவைக் காட்டிக்கொடுக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பிராம்ப்டனில் இருக்கும் நண்பர் வீட்டில் இதற்கு நேர் எதிர். அவர்களுடையது புது வீடு. ஒன்டாரியோவில் 2017-க்குப் பிறகு கட்டிய வீடுகளில் பெரும்பாலும் எச்ஆர்வி சேர்ந்தே வந்துவிடுகிறது. பேஸ்மென்ட்டில் என்ன பெட்டி என்றுகூடத் தெரியாமல் மூன்று வருடம் இருந்திருக்கிறார்கள். வெளியேற்றும் பக்கத்து ஃபில்டர் தூசியில் அடைத்துப்போய், காற்று உள்ளே வருவது அதிகம், வெளியே போவது குறைவு என்றாகிவிட்டது. ஒரு ஜனவரிக் காலையில் வாசல் கதவுப் பூட்டு உறைந்து சாவி நுழையவில்லை. வீட்டின் ஈரக் காற்று சாவித் துவாரம் வழியாக வெளியே பிதுங்கி, அங்கேயே பனிக்கட்டியாகியிருந்தது. பூட்டில் உறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அதே ஈரம் சுவருக்குள்ளும் கூரைக்கு மேலேயும் போய் உறைந்தால் யாருக்குத் தெரியும்? சூடான காற்றின் வரத்துக் குறைந்ததால் கோரும் சீக்கிரம் பனி பிடித்துவிடும்.

ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த பிராண்ட் என்பதில்லை. "மாட்டி முடித்ததும் காற்றை அளந்து சமப்படுத்தித் தருவீர்களா, இரண்டு எண்களையும் எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். இரண்டு ஓட்டங்களும் 10 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கென்று அளவுக் கருவி இருக்கிறது, அரை மணி நேர வேலை. இந்தத் துறையில் பயிற்சி தருவது எச்ஆர்ஏஐ என்ற அமைப்பு. அங்கே வீட்டுக் காற்றோட்டப் பயிற்சி எடுத்தவரா என்று விசாரியுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை நீங்களே சோதிக்கவும் ஒரு வழி உண்டு. பெரிய குப்பைப் பையின் வாயில் கம்பி ஹேங்கரை வளைத்து வளையமாக ஒட்டிக்கொள்ளுங்கள். காற்றில்லாத நாளில், சப்பையான பையைத் தள்ளும் வாய் மீது பிடித்து, நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். பிறகு நிரம்பிய பையை இழுக்கும் வாய் மீது பிடித்து, சுருங்க எத்தனை வினாடி என்று பாருங்கள். 100 லிட்டர் பை 4 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 25 லிட்டர். துல்லியமாக இருக்காது. ஆனால் ஒரு பக்கம் 4 வினாடி, மறு பக்கம் 9 வினாடி என்றால் எங்கோ அடைத்திருக்கிறது என்று உடனே தெரியும். என் பெண் இதை ஒவ்வொரு அக்டோபரிலும் ஆசையாகச் செய்கிறாள்.

மாட்டும்போது இன்னும் இரண்டைக் கூட இருந்து பாருங்கள். வெளியிலிருந்து பெட்டி வரை வரும் இரண்டு குழாய்களும் இன்சுலேஷன் போட்டவையாக, மேலுறை கிழியாமல், முனைகள் டேப்பால் இறுக மூடியிருக்க வேண்டும். கொஞ்சம் திறந்திருந்தாலும் பேஸ்மென்ட் ஈரம் அதில் படிந்து சொட்டும். அடுத்தது, பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் வடியும் ஹோஸ். அதில் ஒரு சுருள் போட்டு, சுருளுக்குள் தண்ணீர் நிற்க வேண்டும், இல்லையென்றால் வடிகால் நாற்றம் மேலே வரும்.

பராமரிப்பு கஷ்டமே இல்லை, மறதிதான் எதிரி. ஃபில்டரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து வாக்குவம் செய்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசிக் காய வைத்துப் போடுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடு என்றால் மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள், எங்கள் வீட்டு ஃபில்டர் அவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது. வெளிவாய் வலைகளையும் அதே நாளில் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்துவிடலாம். பெருமழை, பனிப்புயல் முடிந்ததும் ஒரு பார்வை போதும். கோரை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வெளியே எடுத்து, மென்மையான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவலாம். அதற்கு முன் உங்கள் பெட்டி எச்ஆர்வியா இஆர்வியா என்று பாருங்கள். இஆர்வியின் கோர் ஈரத்தையும் கைமாற்றும் வகை. பல மாடல்களில் அதைத் தண்ணீரில் முக்கினால் வீணாகிவிடும், வாக்குவம் மட்டும்தான். கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கோர் வெளியே இருக்கும்போது தட்டைத் துடைத்து, ஒரு இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி ஹோஸ் வழியாகத் தடையில்லாமல் வடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். எதைத் திறப்பதற்கு முன்னும் பிளக்கைப் பிடுங்குங்கள்.

குளிர் அதிகமான நாளில் பெட்டி திடீரென்று சத்தம் மாறி, சில நிமிடம் வெளிக் காற்றை நிறுத்திக்கொள்ளும். பழுது என்று பயப்பட வேண்டாம், கோரில் பிடித்த பனியை உருக்குகிறது.

ஈரப்பதம் எவ்வளவு வைப்பது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். குளிர்காலத்தில் 30 முதல் 40 சதவீதம் போதும். மைனஸ் 20-க்குக் கீழே போனால் 25-30 ஆகக் குறைத்துவிடுங்கள், கண்ணாடி வியர்க்காது. அதற்காக எப்போதும் முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். மைனஸ் 20 காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஒரு கிராம் தண்ணீர்தான் இருக்கும். அதை அளவுக்கு மீறி உள்ளே விட்டால் உதடு வெடிக்கும், மரத் தரையில் விரிசல் விழும். ஜூலைப் புழுக்கத்தில், வீட்டு ஈரப்பதத்தைப் பார்த்துப் பெட்டியைத் தானாக ஓட வைக்கும் பட்டனை அணைத்துவிடுங்கள். வெளியேதான் ஈரம் அதிகம், அதையே உள்ளே கொண்டுவரும்.

இப்போதைக்கு ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் வாங்கிப் படுக்கையறையில் வெளிச்சுவர்ப் பக்கம் வையுங்கள், ஒரு வாரம் காலையும் இரவும் குறித்துக்கொள்ளுங்கள். அலமாரியை ஒரு சாண் தள்ளிப் போட்டுச் சுவரையும் பாருங்கள். விலை கேட்கக் கூப்பிடும்போது அந்த எண்கள் கையில் இருக்கட்டும். மாட்டிய பிறகு பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டி, சமப்படுத்திய தேதியையும் இரண்டு ஓட்டங்களின் அளவையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பெட்டியை வேறொருவரை வைத்து, வாயை இடம் மாற்றிச் சரி செய்தபோது அவர் பென்சிலால் எழுதிய 62, 60 என்ற இரண்டு எண்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. அதற்குக் கீழே ஃபில்டர் கழுவிய தேதிகளை எழுதிக்கொண்டே வருகிறோம்.